கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி: முதல் கத்தி படுவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

#1 விழியோரம்

பயிற்சிக்காக ஒரு நிலைமையை வைக்கிறேன். யாருடைய கேஸும் அல்ல, விவாதத்துக்காக அமைத்தது.

வயது 38. வலது மேலிமையின் வெளி ஓரத்தில் 7 மாதமாக வீக்கம். இமை விளிம்பு படுத்த ‘எஸ்’ எழுத்துப் போல வளைந்திருக்கிறது. கண்விழி கீழாகவும் மூக்குப் பக்கமாகவும் தள்ளப்பட்டிருக்கிறது. கண் முன்தள்ளலைக் காட்டும் ஹெர்டெல் அளவு வலது 19, இடது 16 மி.மீ. எப்போதாவது மந்தமான வலி உண்டு. சிவப்பு, காய்ச்சல் இல்லை. பார்வை 6/6. சி.டி. ஸ்கேனில் சுரப்பி இருக்கும் எலும்புக் குழியில் முட்டை வடிவத்தில் 22 மி.மீ. கட்டி, ஓரம் தெளிவாக இருக்கிறது. எலும்பில் அரிப்பு இல்லை, குழி மட்டும் சற்றே அகன்றிருக்கிறது. கட்டிக்குள் ஒரு சிறு சுண்ணப் புள்ளி.

பயாப்ஸி எடுப்பதா, கட்டியை முழுசாக எடுத்துவிடுவதா? அதற்கு முன் இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா? எம்.ஆர்.ஐ. கட்டாயமா?

#2 கண்குழி

ஸ்டீராய்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். சுரப்பி அழற்சி என்றால் நாள் கணக்கில், அதிகம் போனால் சில வாரத்தில் வரும். தொட்டால் வலிக்கும், இமை சிவக்கும், வெள்ளைவிழியின் வெளி மேல் மூலையில் ரத்தக் குழாய்கள் பொங்கி நிற்கும். 7 மாதமாக வளரும், சிவப்பே இல்லாத கட்டிக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. லிம்ஃபோமா (நிணத்திசுப் புற்று) ஸ்டீராய்டில் சுருங்கும். அப்புறம் எடுக்கும் திசுவில், அதை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறி நிபுணருக்குச் செத்த அணுக்களும் தழும்பும்தான் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அது திரும்ப வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அந்த ‘7 மாதம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளியோமார்ஃபிக் அடினோமா மெதுவாக வளரும் தீங்கற்ற கட்டி. ஒரு வருஷத்துக்கு மேலான, வலியில்லாத கதைதான் அதற்கு வழக்கம். அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்று ஒரு வருஷத்துக்குள், பெரும்பாலும் சில மாதங்களிலேயே வலியோடு வந்து நிற்கும். ஆக, கால அளவே பாதி நோய்க்குறிப்பு. ஆனால் வீட்டில் யாராவது ‘கண் ஒரு மாதிரி இருக்கே’ என்று சொன்ன நாளிலிருந்துதான் நோயாளி கணக்குச் சொல்வார். வாக்காளர் அட்டை, கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, படத்தைப் பெரிதாக்கி இமை மடிப்பின் உயரத்தையும் விழியின் இடத்தையும் ஒப்பிடுங்கள். குழி அகன்றிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலும்பு வழவழப்பாக அகல நாளாகும். கட்டி 7 மாதத்தைவிடப் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு.

வலிதான் இடிக்கிறது. எந்த மாதிரி வலி என்று தோண்டிக் கேளுங்கள். இரவில் எழுப்புகிறதா, நெற்றிப் பொட்டுக்குப் பரவுகிறதா? பஞ்சை முனையாக முறுக்கி இரண்டு பக்கமும் நெற்றி, பொட்டு, மேலிமையின் வெளிப்பகுதி தொட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள். கருவிழி உணர்ச்சியையும் பாருங்கள், சொட்டு மருந்து போடுவதற்கு முன். உணர்ச்சி குறைந்திருந்தால் கட்டி நரம்பைத் தொட்டுவிட்டது என்றுதான் கணக்கு.

#3 புதுக்கண்ணாடி

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். ‘கண்ணீர்ப் பை’ என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானா? மூக்குப் பக்கம் வீங்கினால் இதே கட்டியா?

#4 கண்குழி

இல்லைங்க. இரண்டும் எதிரெதிர் மூலை. சுரப்பி கண்ணீரை உண்டாக்குகிறது. அது புருவத்தின் வெளி முனைக்கு உள்ளே, நெற்றி எலும்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. பை வடிகால். அது மூக்கோரம் இருக்கிறது. பையிலும் அரிதாகப் புற்று வரும். ஆனால் அதன் அடையாளமே வேறு: கண்ணீர் வழிதல், ரத்தம் கலந்த கண்ணீர், மூக்கோர இமைத் தசைநாருக்கு மேலே எழும்பும் கெட்டி. இந்த இழையில் சுரப்பியை மட்டும் பேசுவோம்.

சுரப்பிக்கு இரண்டு மடல்கள். மேலிமையைத் தூக்கும் தசையின் விரிந்த நாண் நடுவே புகுந்து அதை ஆழமான கண்குழி மடல், மேலோட்டமான இமை மடல் என்று பிரிக்கிறது. நோயாளியைக் கீழே, மூக்குப் பக்கம் பார்க்கச் சொல்லி மேலிமையின் வெளி ஓரத்தைத் தூக்கினால் இமை மடல் இளஞ்சிவப்பாகத் தெரியும். அங்கே சால்மன் மீன் நிறத்தில் வழவழப்பான படலம் தெரிந்தால் லிம்ஃபோமாவை நினையுங்கள். ஒளி ஊடுருவும் நீர்க்கொப்புளம் என்றால் அது நாளம் அடைத்து வந்த டாக்ரியாப்ஸ். வயதானவர்களில் சுரப்பியே தளர்ந்து முன்னால் சரிந்து கட்டி போலத் தெரிவதும் உண்டு. விரலால் மெல்லத் தள்ளினால் உள்ளே போகும், விட்டால் வரும். அதைக் கட்டி என்று வெட்டினால் நல்ல சுரப்பி போய்விடும், கண் ஆயுசுக்கும் வறண்டுவிடும்.

#5 படிமம்

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘எலும்பு அரிப்பு இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் போதாது. 1 மி.மீ. துண்டுகள், எலும்பைத் தெளிவாகக் காட்டும் எலும்பு விண்டோ, குறுக்கு வெட்டோடு முகத்துக்கு இணையான வெட்டும் வேண்டும். குழியின் கூரை முகத்துக்கு இணையான வெட்டில்தான் ஒழுங்காகத் தெரியும். அகன்ற குழியின் விளிம்பில் வெள்ளைக் கோடு முழுசாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் எலும்பு மெல்ல இடம் விட்டிருக்கிறது. அடினோமா பக்கம் சாயலாம். கோடு எங்காவது அறுந்தால், அல்லது பக்கத்து எலும்பு அடர்ந்து வெளுத்திருந்தால், புற்றுப் பக்கம் சாய வேண்டும்.

அடுத்து கட்டியின் பின்முனை. அடினோமா உருண்டையாக முடியும், பெரும்பாலும் கண்குழியின் முன்பாதியில் நிற்கும். கார்சினோமா வெளிச்சுவரை ஒட்டி, வெளித்தசை ஓரமாக ஆப்பு போலப் பின்னால் நீளும். லிம்ஃபோமா விழியைத் தள்ளுவதைவிட அதன் வளைவுக்கு ஏற்பப் படியும், மாவைப் பந்தின்மேல் அமுக்கினது மாதிரி. இரண்டு மடலையும் பிடிக்கும், எலும்பைப் பெரும்பாலும் தொடாது. இரண்டு கண்ணிலும் இருந்தால் லிம்ஃபோமா, அல்லது ஐ.ஜி.ஜி.4 நோய், சார்காய்டோசிஸ், ஷோக்ரன் போன்ற பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய்களில் ஒன்றுதான் முன்னால் நிற்கும். அடினோமா, கார்சினோமா போன்ற எபிதீலியக் கட்டி பின்னால் போய்விடும்.

சுண்ணப் புள்ளி என்னைக் கவலைப்பட வைக்கிறது. அது அடினோமாவிலும் எப்போதாவது வரும். இருந்தாலும் வலியோடு சேர்ந்து வரும்போது ‘தீங்கற்றது’ என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். தொடக்க நிலைக் கார்சினோமாவும் வட்டமாக, ஓரம் தெளிவாக இருக்கும். படத்தின் அழகைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான்.

எம்.ஆர்.ஐ. இந்த நிலைமைக்குக் கட்டாயம். எலும்புக்குச் சி.டி. ஸ்கேன், நரம்புக்கு எம்.ஆர்.ஐ., ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை.

#6 விழியோரம்

நன்றி சார். எம்.ஆர்.ஐ. கேட்கும்போது என்ன எழுத வேண்டும்? ‘எம்.ஆர்.ஐ. ஆர்பிட்’ என்று மட்டும் எழுதினால் தடிமனான துண்டுகளோடு மூளைப் படம்தான் வருகிறது.

#7 படிமம்

கோரிக்கைத் தாளில் நோயைப் பற்றிய சந்தேகத்தை எழுதுங்கள். ‘கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி, நரம்பு வழிப் பரவல் உண்டா’ என்று ஒரு வரி இருந்தால் படம் எடுப்பவரே வேறு மாதிரி எடுப்பார். 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகள், குறுக்காகவும் முகத்துக்கு இணையாகவும். சாயம் ஏற்றுவதற்கு முன் கொழுப்பை அடக்காத டி1 வகைப் படம் ஒன்று. நரம்பைச் சுற்றியுள்ள வெள்ளைக் கொழுப்பு மறைந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பிறகு டி2, நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன். காடோலினியம் சாயம் ஏற்றியபின் கொழுப்பை அடக்கிய டி1. கொழுப்பை அடக்காவிட்டால் சாயம் ஏறிய கட்டியும் கண்குழிக் கொழுப்பும் ஒரே வெள்ளையாகிவிடும். படம் கண்குழியோடு நிற்கக் கூடாது. கண்குழிக்குப் பின்னால் நரம்பு போகும் மேல் கண்குழிப் பிளவு, கேவர்னஸ் சைனஸ், மெக்கல் குகை வரை போக வேண்டும். கண்ணீர்ச் சுரப்பி நரம்பு முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முதல் கிளையைச் சேர்ந்தது, புற்று ஊர்ந்து போகும் பாதையும் அதுதான்.

டிஃப்யூஷனில் அந்த அசைவின் அளவான ஏ.டி.சி. எண் பாருங்கள். அடினோமா பொதுவாக 1.2க்கு மேல் நிற்கும், லிம்ஃபோமா 0.8க்குக் கீழே இறங்கும் (10⁻³ சதுர மி.மீ./விநாடி அலகில்). கார்சினோமா நடுவில், இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு. மெஷினுக்கு மெஷின் எண் மாறும் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுக்காமல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம்தான், ஆனால் படத்தையே கெடுக்கும்: மை, மஸ்காரா, ஐலைனர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அனுப்புங்கள். இரும்பு ஆக்சைடு கலந்த மை இமையோரத்தில் கறுப்பு ஓட்டை போடும், நமக்கு வேண்டிய இடமே அதுதான். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் காடோலினியம் வேண்டாம்.

#8 நிணத்திசு

எபிதீலியக் கட்டியை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய பாடத்தில் ‘பாதி எபிதீலியம், அதில் பாதி புற்று’ என்று ஒரு கணக்கு உண்டு. அது பெரிய பரிந்துரை மையங்களின் அறுவைத் தொடர்களிலிருந்து வந்தது. சாதாரணக் கண் மருத்துவமனைக்கு வரும் சுரப்பி வீக்கங்களில் அழற்சியும் நிணத்திசு நோய்களும்தான் அதிகம். அதனால் கத்தியை எடுக்கும் முன் ரத்தமும் நெஞ்சுப் படமும் பாருங்கள். ரத்த அணு எண்ணிக்கை, எல்.டி.ஹெச். (லிம்ஃபோமாவுக்கு), ஐ.ஜி.ஜி.4, ஏ.சி.இ. (சார்காய்டோசிஸுக்கு), ஆன்கா (ரத்தக் குழாய் அழற்சிக்கு), ஷோக்ரன் எதிர்ப்பொருள்கள். நம் ஊரில் காசநோய்க்கான சோதனையை விடவே கூடாது. காசநோய் சுரப்பியைத் தாக்குவது அரிது, ஆனால் அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் விளைவு மோசம்.

சீரம் ஐ.ஜி.ஜி.4 டெசிலிட்டருக்கு 135 மி.கி. தாண்டினாலே அந்த நோய் என்று முடிவு கட்டுகிறார்கள். தவறு. மற்ற அழற்சிகளிலும் அது ஏறும். திசுவில் நோய் உறுதியானவர்களில் சிலருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். இரண்டு சுரப்பியும் வீங்கி, கன்னத்து நரம்பும் எம்.ஆர்.ஐ.யில் தடித்துத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் திசு வேண்டும், ஏனென்றால் ஐ.ஜி.ஜி.4 நோயின் பின்னணியிலேயே லிம்ஃபோமாவும் வரலாம். காதோரம், தாடைக்குக் கீழே சுரப்பிகளையும் கழுத்து நிணக் கணுக்களையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

#9 கண்குழி

இனி மையக் கேள்வி. படமும் கதையும் அடினோமா என்று சொன்னால் பழைய விதி இதுதான்: ஊசியும் வேண்டாம், துண்டும் வேண்டாம், உறையோடு முழுசாக எடு. அதன் அடிப்படை 1978இல் ஃபான்ட், கேமல் இருவரும் அமெரிக்க ராணுவ நோய்க்குறி நிலையத்தின் கேஸ்களை வைத்து எழுதியது. முழுசாக எடுத்தவர்களில் ஐந்து வருஷத்தில் 3 சதவீதம் திரும்ப வந்தது; முன்பே துண்டு வெட்டியவர்களில் 32 சதவீதம். திரும்ப வரும் அடினோமா ஒற்றைக் கட்டியாக வராது, மணி மணியாகச் சிதறி வரும். அதில் ஒரு பங்கு பிற்பாடு புற்றாகவும் மாறும். இன்றும் அந்த விதியைத்தான் நான் கடைப்பிடிக்கிறேன்.

எடுக்கும் முறையும் நோய்க்குறிப்பின் பகுதிதான். வெளிச்சுவர் எலும்பைத் திறந்து, குழியை ஒட்டிய எலும்புறையோடும் சுற்றி ஒரு விளிம்பு நல்ல திசுவோடும் கட்டியை எடுக்க வேண்டும். இடுக்கியால் கட்டியைப் பிடிக்கக் கூடாது. அதன் உறை உண்மையான உறை அல்ல, அமுங்கிய திசு. அதில் மொட்டு மொட்டாகக் கட்டி துருத்திக்கொண்டிருக்கும், உரித்தெடுத்தால் மொட்டு உள்ளே தங்கிவிடும். கிழிந்துவிட்டால் கழுவிவிட்டு, கிழிந்தது என்று அறுவைக் குறிப்பில் எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த வரி தேவைப்படும்.

#10 நோய்க்குறிமேசை

இங்கே ஒரு மாற்றுக் கருத்து. 1978 கட்டுரையின் நோயாளிகள் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் காலத்துக்கு முந்தியவர்கள். அன்று ‘பயாப்ஸி’ என்றால் கத்தியால் திறந்து துண்டு எடுப்பது, அதன்பின் மீதியைத் துண்டு துண்டாக எடுப்பது. அதை இன்றைய, சில அணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் 23 முதல் 25 கேஜ் மெல்லூசியோடு ஒரே தராசில் வைக்க முடியாது. சந்தேகம் உண்மையாகவே நடுவில் நிற்கும்போது, ஊசி ஒரு வழி தருகிறது என்றால் அதை விலக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஊசியின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். அடினோமாவில் கீம்சாச் சாயத்தில் நார் நாராக மெஜந்தா நிறப் பின்னணி, அதில் கலந்து எபிதீலிய அணுக்கள். அடினாய்ட் சிஸ்டிக்கில் வழவழப்பான மெஜந்தா உருண்டைகள், சுற்றிலும் சின்ன, கறுத்த அணுக்கள். பாடத்தில் இப்படித்தான். நடைமுறையில் அதே உருண்டைகள் அடினோமாவிலும் வரும். அதனால் ஊசிச் சோதனை ‘அடினாய்ட் சிஸ்டிக் போல’ என்றால் அதை வைத்துக் கண்ணை எடுக்கும் முடிவு கூடாது. லிம்ஃபோமாவில் ஸ்லைடு மட்டும் போதாது; அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும்.

#11 கண்குழி

டாக்டர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அடினோமா என்று உறுதியாகத் தெரிந்தால் ஊசி எதற்கு? எப்படியும் முழுசாகத்தான் எடுக்கப் போகிறோம். கார்சினோமா என்று படத்திலேயே தெரிந்தாலும், ஊசியின் பதிலை நம்பி இறங்க முடியாது, திசுத் துண்டு வேண்டும். நடுவில் நிற்பவைக்குத்தான் ஊசி. இந்த 38 வயது நிலைமை அந்த நடுவில்தான் இருக்கிறது என்று சொன்னால் மறுக்கமாட்டேன்.

புற்றுச் சந்தேகத்தில் துண்டு எடுக்கும் வழியைக் கவனியுங்கள். இமை மடிப்பின் வெளி மூன்றில் ஒரு பங்கில் கீறி, முன்பக்கமாகவே கண்குழி மடலுக்குப் போங்கள். வெளி எலும்பைத் திறந்து போனால் பொட்டுக் குழியில் புற்று விதைந்துவிடும். முன்வழிப் பாதை என்றால் பிற்பாடு அதையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். இமை மடலைத் தொடாதீர்கள். ஆழ மடலின் நாளங்கள் அதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன, அதை வெட்டினால் முழுச் சுரப்பியின் கண்ணீரும் நின்றுவிடும். கத்தியால் வெட்டுங்கள், மின்கத்தி வேண்டாம். கருகிய ஓரத்தில் எதுவும் படிக்க முடியாது. ரத்தம் முழுதாக நின்றபிறகே தையல். அன்றிரவு பார்வையையும் கண்மணியையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி கூடி, கண் கல்லாக இறுகினால் காத்திருக்காமல் வெளிக்கோண இமைநாணை வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும், ஸ்கேனுக்கு அனுப்புவது அதற்கப்புறம்.

#12 விழியோரம்

அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் உறைதிசுச் சோதனை செய்து, புற்று என்றால் அப்போதே கண்ணோடு சேர்த்துக் கண்குழியைக் காலி செய்வது சரியா?

#13 நோய்க்குறிமேசை

கூடாது. உறைதிசு இரண்டு கேள்விக்கு மட்டும் நல்லது: படிக்கும் அளவுக்குத் திசு வந்திருக்கிறதா, இது நிணத்திசு மாதிரியா எபிதீலியமா. இந்தச் சுரப்பியின் கட்டிகள் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் உறவு. ஒன்றுக்குள் இன்னொன்றின் சாயல் இருக்கும். அடினோமாவில் சல்லடை போன்ற இடம் ஒன்று கிடைத்து, அதையே உறைதிசுவில் பார்த்து அடினாய்ட் சிஸ்டிக் என்று சொல்லிவிட நேரும். திரும்பக் கிடைக்காத உறுப்பை எடுக்கும் முடிவு, ஃபார்மலினில் பதப்படுத்திச் செய்யும் நிரந்தர ஸ்லைடைப் பார்த்து, முடிந்தால் இரண்டாவது நிபுணரும் பார்த்தபிறகுதான்.

நிரந்தர ஸ்லைடில் அடினாய்ட் சிஸ்டிக் என்றால் வகையைக் கேட்டு வாங்குங்கள்: சல்லடை, குழாய், அல்லது திண்மமான பேசலாய்டு. கேமல், ஃபான்ட் 1982இல் காட்டியபடி, பேசலாய்டு பகுதி இருந்தவர்களில் ஐந்து வருஷம் வாழ்ந்தவர்கள் 21 சதவீதம், இல்லாதவர்களில் 71. அறிக்கையில் இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அறிக்கை முடியவில்லை என்று அர்த்தம். கூடவே நரம்பைச் சுற்றிய பரவல், விளிம்பு, எலும்பு மூன்றும். சிக்கலான இடத்தில் எம்.ஒய்.பி. மரபணு இணைவு அடினாய்ட் சிஸ்டிக்குக்கும், பிளாக்1 அடினோமாவுக்கும் கைகொடுக்கும். நெடுநாள் அமைதியாக இருந்த கட்டி திடீரென்று வளர்ந்த கதை என்றால் அதைக் கோரிக்கைத் தாளில் எழுதுங்கள். அடினோமாவுக்குள் எழுந்த கார்சினோமாவைத் தேடக் கட்டியின் எல்லாப் பகுதியையும் வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், இரண்டு துண்டு பார்த்தால் தவறிவிடும்.

#14 நிணத்திசு

புற்று உறுதியானால் நெஞ்சுக்குச் சி.டி. ஸ்கேன் எடுங்கள். அடினாய்ட் சிஸ்டிக் நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும், பல வருஷம் கழித்தும் போகும். புற்றின் நிலை வகுப்பில், அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் (ஏ.ஜே.சி.சி.) 2018 முதல் நடப்பிலுள்ள எட்டாம் பதிப்பில் 2 செ.மீ. வரை டி1, 4 வரை டி2, அதற்கு மேல் டி3, பக்கத்து உறுப்புகளுக்குப் பரவினால் டி4. எலும்புறை, எலும்பு தொட்டிருக்கிறதா என்பதற்குத் தனி எழுத்து உண்டு. இங்கே பேசும் 22 மி.மீ. கட்டி புற்றாக இருந்தால் டி2. (எம்.ஆர்.ஐ.யின் டி1, டி2வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லிம்ஃபோமா என்றால் உடல் முழுக்க பெட் ஸ்கேன், ஹெச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் சோதனைகள். கண்ணோடு நிற்கும் மெதுவகை லிம்ஃபோமாவுக்குக் கதிர்வீச்சு 24 கிரே அளவிலேயே நன்றாகக் கேட்கும். அதனால் அதைப் பெரிய அறுவையாக எடுக்க ஆசைப்பட வேண்டாம். நோய்க்குறி நிபுணருக்குப் போதிய துண்டு கிடைத்தால் போதும்.

#15 விழியோரம்

அப்படியானால் இந்த நிலைமைக்கு வரிசை இப்படியா: பழைய படங்கள், உணர்ச்சிச் சோதனை, ரத்தம், எம்.ஆர்.ஐ. நரம்பு சுத்தமாக இருந்து, ஏ.டி.சி. உயர்ந்து, பழைய படத்தில் வீக்கம் இரண்டு வருஷமாகத் தெரிந்தால் முழுசாக எடுப்பது. வலி கூடினாலோ உணர்ச்சி குறைந்தாலோ கட்டி ஆப்பு போல நீண்டாலோ முன்வழியாகத் துண்டு எடுப்பது.

#16 கண்குழி

சரி. ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் நரம்பு சுத்தம் என்பது ‘தெரியவில்லை’ என்று மட்டும்தான் பொருள். நுண்ணிய பரவல் எந்தப் படத்திலும் தெரியாது. உணர்ச்சிக் குறைவு இருந்து படம் சுத்தமாக இருந்தால், உணர்ச்சிக் குறைவை நம்புங்கள்.

#17 நோய்க்குறிமேசை

துண்டு எடுக்கும் நாளில் மூன்று பாட்டில்களை முன்பே தயார் செய்துவையுங்கள். ஒன்றில் 10 சதவீத ஃபார்மலின், திசுவின் பத்து மடங்கு அளவு. இரண்டாவதில் அணுக்களை உயிரோடு வைக்கும் ஆர்.பி.எம்.ஐ. திரவம், ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு. அது இல்லாவிட்டால் சலைனில் நனைத்த துணியில் சுற்றி ஐஸ் மேல் வைக்கலாம், ஐஸ் திசுவைத் தொடக்கூடாது. மூன்றாவதில் கிருமியற்ற சலைன், காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் மரபணுச் சோதனைக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பிந்தைய இரண்டும் முடிந்தது, நோயாளியை மறுபடி கத்திக்குக் கீழே படுக்கவைக்க வேண்டும். ஆய்வகத்துக்கு முன்தினமே போன் செய்யுங்கள். ஃப்ளோவுக்கான திசு அன்றே போய்ச் சேர வேண்டும், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் இந்த அறுவையை வைக்காதீர்கள்.